நாய் ஆற்றில் விழும் இடம்

“கம்பியைத் தொடவே தொடாதே. ஒரு விரல்கடை மேலேயே வில்லை ஆட்டிக்கிட்டு இரு. பார்க்கிறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது.”

“கேட்கிறவங்களுக்கு?”

“அவங்களுக்குத்தான் முன்னால ஆறு பேர் வாசிக்கிறாங்களே. நாம கடைசி ஸ்டாண்ட். நமக்கு இது போதும்.”

“அப்போ நான் எதுக்கு வர்றேன்?”

“பிஸ்கட்டுக்கு,” என்றார் க்ளெம், தட்டிலிருந்து இரண்டாவதை எடுத்துக்கொண்டே.

க்ளெம் முப்பத்தைந்து வருடம் ஹெரிஃபர்டில் பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலியில் சாய்ந்திருப்பவர்களிடம் கொஞ்சம்கூட வலிக்காது என்று சொல்லிச் சொல்லிப் பழகிய குரல் அவருடையது. இப்போது பக்கத்து நாற்காலியில் இருந்து கேள்வி கேட்ட ஃப்ரெடா ப்ராசரின் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியவரும் அவர்தான். அது நன்றாகவே வலித்தது.

சனிக்கிழமை மதியம், பள்ளிக்கூட மண்டபத்தில் ஒத்திகையின் நடுவே தேநீர் இடைவேளை. நவம்பர் கடைசியில் கச்சேரி. வைக்கரை இசைக்குழு இந்த முறை ஆங்கில இசையமைப்பாளர் எல்கரின் படைப்புகளை மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தது. தேநீர்க் கடைகளில் ஒலிக்கும் அந்தச் சின்னக் காதல் மெட்டு, ஒரே மெட்டை நண்பர் ஒவ்வொருவருக்கும் ஏற்ப மாற்றி எழுதிய பதினான்கு மாறுபாடுகள், கடைசியில் எல்லோரும் எழுந்து நின்று கூடவே பாடும் அணிவகுப்பு இசை. டிக்கெட் விற்பதற்கு இதைவிடச் சுலபமான பட்டியல் கிடையாது. ஒன்பதாவது மாறுபாட்டில் அழுவதற்கும் அணிவகுப்பில் கொடி ஆட்டுவதற்கும்தான் ஊரே வரும், நடுவில் எது இருக்கிறது எது இல்லை என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை என்பது க்ளெமின் கட்சி.

ஃப்ரெடாவுக்கு வேண்டியிருந்தது அந்த நடுவில்தான் இருந்தது. பதினொன்றாவது. மொத்தமே ஒரு நிமிடம். பேராலயத்தில் ஆர்கன் வாசித்தவருடைய புல்டாக் நாய் சரிவில் உருண்டு வை ஆற்றில் விழுகிறது, நீரோட்டத்தை எதிர்த்துக் காலை அடித்துக் கரையேறுகிறது, சந்தோஷத்தில் குரைக்கிறது. தந்திக் கருவிகள் எல்லாம் ஒரே மூச்சில் மேலிருந்து கீழே கொட்ட வேண்டும். நிமிடத்துக்கு நூறு தட்டு வேகம்.

நான்கு வருடத்துக்கு முன்னால், சைடர் என்னும் ஆப்பிள் மது காய்ச்சும் ஆலையின் எடைமேடைக் கூண்டில் உட்கார்ந்து ஆப்பிள் லாரிகளை எடை போட்டுக்கொண்டிருந்தபோது வானொலியில் அதைக் கேட்டாள். அப்போது அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. அந்த ஆற்றங்கரையில்தான் பிறந்தாள், அதே கரையில்தான் கல்யாணம் ஆகி, விவாகரத்தும் ஆகியிருந்தது. ஒரு நாய் தடுமாறி விழுந்ததை ஒருவர் இவ்வளவு ஆசையாக எழுதி வைத்திருக்கிறார் என்பதும், அது தன் காதுக்கு வந்து சேர இத்தனை வருடம் ஆனது என்பதும் அவளைக் கொஞ்ச நேரம் அசையவிடாமல் செய்தன. அந்த ஒரு நிமிடத்தில் எந்த லாரி வந்தது, எவ்வளவு எடை என்று அவளுக்கு நினைவில்லை. அடுத்த சனிக்கிழமை இசைக்கருவிக் கடைக்குப் போய் வயலின் வாடகைக்குக் கேட்டாள். வயலின்கள் தீர்ந்துவிட்டன, வயோலா ஒன்று இருக்கிறது என்றார்கள். கொஞ்சம் பெரியது, குரல் தடித்தது. பரவாயில்லை என்று வாங்கிக்கொண்டு வந்தாள்.

மூன்று வருடம் கழித்து இசைக்குழுவில் இடம் கிடைத்தது, இரண்டு பேருக்கு ஒன்றாக இசைத்தாள் வைக்கும் ஸ்டாண்டுகளில் கடைசி ஸ்டாண்டில், க்ளெமுக்குப் பக்கத்தில். இந்த இலையுதிர் காலத்தில் பதினொன்றாவது வரப்போகிறது என்று அறிவித்த நாளில் அவளுக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

வாடகைக்கு வந்த இசைத்தாளைப் பிரித்தால், நாய் விழும் இடத்தைச் சுற்றிப் பென்சிலால் அடைப்புக்குறி போட்டிருந்தது. மேலே, ‘விட்டுவிடவும்’. வேறு ஏதோ ஊரில், வேறு ஏதோ வருடத்தில், வேறு ஒரு கடைசி ஸ்டாண்டுக்காரர் எழுதியது. ஓரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடி வரைந்திருந்தது. கோல் பிடித்து இசையை நடத்துபவரைப் பார் என்பதற்கு இசைக்குழுக்காரர்கள் எல்லா ஊரிலும் அதைத்தான் வரைவார்கள். ஃப்ரெடா கண்ணாடியை அப்படியே விட்டுவிட்டு, பையிலிருந்து ரப்பரை எடுத்து அடைப்புக்குறியை அழித்தாள். க்ளெம் தேநீரை உறிஞ்சிக்கொண்டே பார்த்தார். அதை எழுதினவன் அனுபவசாலியாக இருந்திருப்பான் என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து வயோலா எடைமேடைக் கூண்டுக்கு வந்தது. அக்டோபரில் டிராக்டர்கள் வாசல் வரை வரிசை கட்டி நிற்கும். ஆனால் ஒன்று மேடையில் ஏறி, முள் நிலைத்து, சீட்டு அச்சாகி, இறங்கி, அடுத்தது ஏறுவதற்குள் ஒரு இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் ஃப்ரெடா வாசித்தாள். கைப்பேசியில் தாளத் தட்டை நாற்பதில் வைத்தாள். நாற்பதில் நாய் விழவில்லை, படிக்கட்டில் ஒவ்வொரு படியாக யோசித்து இறங்கியது. மூன்று முறை சுத்தமாக வந்தால் இரண்டு தட்டு ஏற்றுவது, தப்பினால் நான்கு இறக்குவது என்று தனக்குத்தானே சட்டம் போட்டுக்கொண்டாள். இடது கையின் சுண்டுவிரல் நுனியில் தோல் உரிந்து, கெட்டியாகி, மறுபடி உரிந்தது.

ஓட்டுநர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு விசாரிக்க ஆரம்பித்தார்கள். லெட்பரிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து தினமும் இரண்டு நடை வரும் டியூடர், சீட்டை வாங்கும்போதெல்லாம் கேட்பார்.

“என்ன அம்மணி, நாய் விழுந்துச்சா?”

“பாதி வழியில நிக்குது.”

“பின்னாலேர்ந்து ஒரு உதை விடுங்க.”

மூன்றாவது வாரத்தில் அறுபது. நான்காவது வாரத்தில் எழுபத்திரண்டு, மறுநாளே அறுபத்தெட்டு. ஒத்திகைகளில் அந்த இடம் நூறில் வந்து, ஒரு காற்றைப் போல அவளைத் தாண்டிப் போய்விடும். ஆனாலும் அவள் வில்லைக் கம்பியிலிருந்து எடுக்கவில்லை. முதல் சுரத்தைப் பிடிப்பாள், நடுவில் தொலைந்துபோவாள், கீழே ஆற்றில் எல்லோரோடும் மறுபடி சேர்ந்துகொள்வாள். அவளைச் சுற்றிப் பித்தளை ஊதுகருவிகளும் முரசும் முழங்கியதில் தன் சத்தத்தையே அவளால் சரியாகக் கேட்க முடியவில்லை.

வேறு யாருக்கோ கேட்டிருக்கிறது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பச்சை நிறச் சின்னக் கார் ஒன்று டிராக்டர் வரிசையின் நடுவில் புகுந்து எடைமேடையின் நடுவே வந்து நின்றது. லவீனியா கில்லியம் இறங்கினார். வயோலா வரிசையின் தலைவி, முதல் ஸ்டாண்டின் வெளி நாற்காலிக்காரர், எழுபத்தொரு வயது, இருபத்தாறு வருடமாக அந்த நாற்காலியை வேறு யாரும் கேட்டதில்லை. நின்ற இடம் எது என்று அவருக்குத் தெரியவில்லை. ஃப்ரெடாவின் திரையில் ஆயிரத்து நாற்பது கிலோ என்று எண் எரிந்தது. பின்னால் டியூடர் ஒரு டிரெய்லர் நிறைய ஆப்பிளோடு என்ஜினை அணைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

லவீனியா முதலில் பனியைப் பற்றிப் பேசினார். பிறகு ஃப்ரெடாவின் அம்மாவைப் பற்றி விசாரித்தார். பிறகு ஒரு ஜாம் சீசாவை ஜன்னல் விளிம்பில் வைத்தார். ஜாமைப் பார்த்ததும் ஃப்ரெடாவுக்கு விஷயம் சின்னது இல்லை என்று புரிந்துவிட்டது.

கச்சேரியன்று வாசலில் நிகழ்ச்சித்தாள் விற்கும் மேஜைக்கு நம்பிக்கையான ஆள் கிடைக்கவில்லையாம். ஃப்ரெடா மாதிரி எண்ணிக்கையில் பழகிய ஒருவர் இருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருக்குமாம். அந்தப் பதினொன்றாவதுக்காக அவள் படும் பாட்டைப் பார்க்கத் தனக்குக் கஷ்டமாக இருக்கிறதாம். ஒரு இடத்தில்கூடக் குரல் உயரவில்லை, ஒரு சொல்லில்கூடக் குற்றம் இல்லை.

“நான் வாசிக்கிறேன், லவீனியா.”

“வாசிக்க வேண்டாம்னு யாரும்மா சொன்னா? கஷ்டமான இடத்துல வில்லைக் கொஞ்சம் தூக்கிக்கோங்க. க்ளெம் காட்டித் தந்திருப்பாரே.”

“தந்தாரு. நான் சத்தத்தோடதான் வாசிக்கிறேன்.”

லவீனியா கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்து விட்டுக்கொண்டார். வருகிற சனிக்கிழமை இசைக்குழுவை நடத்தும் ஆலெட் ஒவ்வொரு வரிசையையும் தனியாகக் கேட்கப் போகிறார் என்றார். வயோலாக்களை இதுவரை யாரும் தனியாகக் கேட்டதில்லை. அங்கே ஒரு தப்பான சுரம் விழுந்தால் அது ஒருத்தருடைய தப்பாக இருக்காது, எட்டுப் பேருடையதாக ஆகிவிடும். அப்படி ஆனால் மேஜையைப் பற்றித் தான் மறுபடி பேச வேண்டியிருக்கும், அதைப் பேசத் தனக்கு விருப்பமில்லை.

ஃப்ரெடா சரி என்றாள். “சனிக்கிழமை தப்பா வாசிச்சேன்னா மேஜைக்குப் போறேன். இப்போ வண்டியை நகர்த்துங்க. டியூடர் உங்களையும் ஆப்பிள் கணக்குல சேர்த்துடுவாரு.”

அந்த வாரம் அவள் கூண்டில் மட்டும் வாசிக்கவில்லை. சமையலறையில் வாசித்தாள், குளியலறையில் ஓடுகளின் எதிரொலியில் வாசித்தாள். வேலைக்கு நடந்து வரும் வழியில் பழைய பாலத்தின் மீது நின்று, இடது கை விரல்களைக் கோட்டுக் கையின் மேல் வைத்து அந்த இறக்கத்தை ஓட்டிப் பார்த்தாள். கீழே ஆறு மழைத் தண்ணீரோடு பழுப்பாக ஓடியது. அந்தத் தண்ணீருக்குள் எங்கேயோ ஒரு நாய் நூறு வருடத்துக்கு மேலாக மூக்கை மட்டும் வெளியே நீட்டி நீந்திக்கொண்டே இருப்பதாகவும், கரையேறும் இடத்தை யாராவது காட்ட வேண்டும் என்று அது காத்திருப்பதாகவும் அவளுக்குத் தோன்றும். வெள்ளிக்கிழமை மாலை எண்பத்தெட்டில் ஐந்து முறை சுத்தமாக வந்தது. தொண்ணூறில் ஐந்தில் இரண்டு முறை. அவள் வயோலாவைப் பெட்டியில் வைத்து மூடினாள். அதற்கு மேல் செய்ய அந்த வாரத்தில் நாள் இல்லை.

சனிக்கிழமை மண்டபத்தில் கம்பளம் காணவில்லை. ஆலெட் ஆள் வைத்துச் சுருட்டி எடுக்கச் சொல்லியிருந்தார். ஆலெட் மலைப்பக்கத்துக்காரர், நாற்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே, வார நாட்களில் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். ஆறு வயதுப் பிள்ளைகளிடம் பேசும் பொறுமையோடுதான் பெரியவர்களிடமும் பேசுவார். செல்லோக்களைத் தனியாகக் கேட்டார், பாராட்டினார். இரண்டாம் வயலின்களைக் கேட்டார், பாராட்டும்படி ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்தார். பிறகு பதினொன்றாவதின் தொடக்கத்தைத் திருப்பினார்.

“வயோலா மட்டும். தொண்ணூத்திரண்டுல எடுக்கிறேன். நாய் பத்திரம்.”

எட்டு வயோலாக்கள் தோளுக்கு ஏறின. முதல் ஸ்டாண்டில் லவீனியாவின் முதுகு நேராக, அழகாக நிமிர்ந்தது. ஆலெட்டின் கோல் இறங்கியது. எட்டு வில்கள் ஒரே கணத்தில், ஒரே சாய்வில், ஒரே வேகத்தில் அசைந்தன. இருபத்தாறு வருடப் பழக்கத்தின் ஒழுங்கு அது.

ஒரே ஒரு வயோலா ஒலித்தது.

ஃப்ரெடாவுக்கு முதலில் அது தன்னுடையது என்று புரியவில்லை. அந்தப் பெரிய வெறும் மண்டபத்தில், மரத்தரையில் பட்டுத் திரும்பி, தடித்த குரலில் ஏதோ ஒன்று சரிவில் உருண்டு வந்தது. பாதியில் சுண்டுவிரல் வழுக்கியது. ஒரு சுரம் கீச்சிட்டது. முன்னால் வரிசையாக வில்கள் கம்பிக்கு ஒரு விரல்கடை மேலே காற்றை இழைத்துக்கொண்டிருப்பதை அப்போதுதான் பார்த்தாள். பக்கத்தில் க்ளெமின் வில், அதற்கு முன்னால் இரண்டு, அதற்கும் முன்னால் இரண்டு. எல்லாவற்றுக்கும் முன்னால் லவீனியாவுடையது. நிறுத்தினால் முழு மௌனம். அவள் நிறுத்தவில்லை. விட்ட இடத்தைப் பிடித்து, தாளத்துக்கு அரைத் தட்டுப் பின்னால் இழுபட்டுக்கொண்டே கீழே வந்து, ஆற்றில் விழுந்து, காலை அடித்து, குரைக்கும் இடம் வரைக்கும் போனாள்.

பிரெஞ்சு ஹார்ன் ஊதுபவர்களில் ஒருவர் இருமுவது போலச் சிரித்தார்.

ஆலெட் கோலை ஸ்டாண்டின் மீது வைத்தார்.

“மூணு வருஷமா,” என்றார் மெதுவாக, “வயோலாவை இந்த மண்டபம் முழுங்குதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். திரைச்சீலையைக் கழட்டினேன். இன்னைக்குக் கம்பளத்தை எடுத்தேன்.”

யாரும் யாரையும் பார்க்கவில்லை. நடந்தது என்னவென்று கொஞ்சம் கொஞ்சமாக எட்டுப் பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிக்கொண்டிருந்தது. கடைசி ஸ்டாண்டு முன்னால் இருப்பவர்களை நம்பியது. நடு ஸ்டாண்டுகள் லவீனியாவை நம்பின. லவீனியா பின்னால் இருப்பவர்களை நம்பியிருந்தார். தப்பாக ஒலித்துப் பக்கத்தில் இருப்பவரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக, மிகுந்த மரியாதையோடு, வாயை மூடிக்கொண்டார்கள். மூன்று வருடக் கச்சேரிகளில் எத்தனை இடங்களில் இப்படி ஊமையாக ஆடினார்களோ, கைதட்டல் மட்டும் குறையவே இல்லை.

ஆலெட் திட்டவில்லை. திட்டியிருந்தால் எல்லோருக்கும் சுலபமாக இருந்திருக்கும். கணக்கை மட்டும் சொன்னார். மற்றத் தந்திகளோடும் முரசோடும் சேர்ந்தால் ஒற்றை வயோலா கேட்காது. அடுத்த சனிக்கிழமை தனக்கு நான்கு வயோலா காதில் விழ வேண்டும், சுத்தமாகக்கூட வேண்டாம், விழுந்தால் போதும். விழவில்லை என்றால் அந்த வரியைச் செல்லோக்களுக்கு எழுதிக் கொடுத்துவிடுவார், வயோலாக்கள் அந்த ஒரு நிமிடம் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். பிறகு கடைசி ஸ்டாண்டைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர், ஃப்ரெடாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, தேநீர் என்று மட்டும் சொன்னார்.

நாற்காலிகள் நகர்ந்தன. ஃப்ரெடா அசையாமல் இருந்தாள். தப்பாக வாசித்தால் மேஜைக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தாள். வாசித்தது தப்புதான், எல்லோர் காதிலும் விழுந்தது. தப்பில்லாமல் வாசித்திருந்தாலும் ஒன்றும் கிடைத்திருக்காது. ஒற்றை ஆளாக இன்னும் ஒரு வாரம் ராப்பகலாக வாசித்து நூறைத் தொட்டாலும் கிடைக்காது. அவளுக்கு வேண்டியது இப்போது அவள் விரலில் இல்லை, மற்ற ஏழு பேருடைய கையில் இருந்தது.

“விடு ஃப்ரெடா,” என்றார் க்ளெம். முதல் முறையாக அந்தப் பல் வைத்தியக் குரல் இல்லை. காது சிவந்திருந்தது. “ஒரு நிமிஷ சமாச்சாரம். செல்லோக்காரங்க நல்லாவே வாசிப்பாங்க.”

“நீங்க கடைசியா எப்போ சத்தத்தோட வாசிச்சீங்க?”

க்ளெம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். மெதுவான இடங்களில் எல்லாம் வாசிக்கிறேன், வேகமான இடத்தில் என்றால் மனைவி இருந்தபோது என்றார். பிறகு தேநீர் எடுக்கப் போகாமல், வில்லின் திருகை முறுக்கிக்கொண்டும் தளர்த்திக்கொண்டும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

லவீனியாவும் எழுந்திருக்கவில்லை. முதல் ஸ்டாண்டில், வயோலாவை மடியில் வைத்துக்கொண்டு, கதவைத் தாண்டிப் போகிறவர்களுக்கெல்லாம் சின்னதாகத் தலையசைத்தபடி இருந்தார். ஃப்ரெடா தன் கருவியையும் தன் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு, இரண்டு ஸ்டாண்டுகளைத் தாண்டி முன்னால் போனாள். நாற்காலிக் கால் மரத்தரையில் கீறும் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. லவீனியாவின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

“மேஜையைப் பத்திப் பேச வந்தீங்களா?” என்றார் லவீனியா, திரும்பாமல்.

“இல்லை.”

லவீனியா இடது கையை விரித்துக் காட்டினார். கட்டைவிரலின் அடிக்கணு வீங்கி, பளபளப்பாக இருந்தது. மடக்கினால் பாதியில் நின்றது. “மூணு குளிர்காலமா இப்படித்தான். டாக்டரைத் தவிர யாருக்கும் சொல்லலை. கூட ஏழு பேர் இருக்காங்களேன்னு தைரியமா இருந்தேன்.” கையை மடியில் இறக்கி, “உங்க சத்தம் எனக்குக் கேட்டுது, ஃப்ரெடா. ஒவ்வொரு சனிக்கிழமையும். அதான் ஜாமோட வந்தேன்,” என்றார்.

ஃப்ரெடா அந்தக் கையைப் பார்த்தாள். எடைமேடையில் அவள் கற்றது ஒன்றுதான்: முள் நிற்கும் வரை காத்திருந்து, அது காட்டுவதை எழுதுவது. கட்டைவிரல் பாதி மடங்குகிறது. பாதிக்கு ஏற்ற வேகம் ஒன்று இருக்கும். இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. இவர் வாசித்தால் நடு ஸ்டாண்டுகள் வாசிக்கும், அவர்கள் வாசித்தால் க்ளெம் வாசிப்பார். இவர் எழுந்து போனால் யாரும் வாசிக்க மாட்டார்கள்.

அவள் ஸ்டாண்டில் பதினொன்றாவதின் பக்கத்தைத் திருப்பினாள். வயோலாவைத் தோளில் வைத்து, வில்லை முதல் சுரத்தின் கம்பியில் வைத்தாள். மண்டபக் கதவருகே தேநீர்க் கோப்பைகளோடு நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பின்னால் க்ளெமின் நாற்காலி முன்னுக்கு நகரும் சத்தம் கேட்டது.

“எனக்கும் முழுசா வரலை, லவீனியா,” என்றாள். “நாற்பதுல எடுக்கிறேன். எங்கே நின்னாலும் பரவாயில்லை, தப்பா வந்தாலும் பரவாயில்லை. இந்த ஒரு வரியை என்கூட வாசிக்கிறீங்களா?”